பார்வதம் வளர்த்த அணில்

இது நடந்த கதை. கருமாரியம்மன் சத்தியமாக இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் என்று யாராவது நிரூபித்தால், இந்தக் குமணன்சாவடி டீக்கடையின் பெஞ்சை ஆணியோடு தின்கிறேன்.

இப்படி நான் ஆரம்பித்ததுமே துலுக்கானம் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“மாமே, நீ சத்தியம் பண்ணாதான் எனக்கு டவுட்டே வருது.”

சரி, ஒத்துக்கொள்கிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். ஆள் நிஜம், பழம் நிஜம், காய்ச்சல் நிஜம். அளவு மட்டும் என் கைவரிசை. அதே உருண்டை மாவுதான், கட்டை என் கையில் இருப்பதால் சப்பாத்தி கொஞ்சம் அகலமாகிவிடும்.

“நீ சொல்லு அண்ணாத்தே, அவன் கெடக்கறான்” என்றான் எத்திராஜ். தண்ணி லாரி ஓட்டுகிறவன். வாய் நிறையக் கொய்யாப்பழம்.

சொல்கிறேன்.

பார்வதம் மேனாம்பேட்டில் பிறந்தவள். பிறந்தவுடன் அவள் அழுத அழுகையை ஷிப்டு முடிகிற சங்கு என்று நினைத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆட்கள் மொத்தமும் டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தொண்டைதான் அவளுக்குச் சொத்து, அதுவேதான் சத்துரு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைப் பிசிறு வெட்டினாள். சூப்பர்வைசரைப் பேச விடாமல் பேசியதில் அந்த வேலை போனது. இட்லிக் கடை போட்டாள். சட்னி தண்ணியாக இருக்கிறது என்று சொன்னவனை விரட்டிக்கொண்டு போனவள் ஆவடி வரைக்கும் போய்விட்டாள், திரும்பி வருவதற்குள் இட்லியை நாய் தின்றுவிட்டது.

அவளைக் கட்டிக்கொண்டவன் கஜபதி, திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன். “தள்ளி ஒக்காரு” என்பதைத் தவிர வாழ்நாளில் வேறு பேச்சுப் பேசாதவன். கல்யாணப் பந்தலில்கூடப் பார்வதத்தைப் பார்த்து அதைத்தான் சொன்னான்.

கடைசியில் அவள் தள்ளுவண்டி ஒன்றை வாங்கிக் கொய்யாப்பழம் விற்க ஆரம்பித்தாள். எங்கே நிறுத்தினாலும் யாராவது விரட்டினார்கள். திருவேற்காட்டில் ஏரியைத் தூர்த்துக் கட்டினது போல ஓர் அடுக்குமாடி இருக்கிறதே, ஆனந்த நிழல் என்று போர்டு போட்டு, நிழலே இல்லாமல்? அதன் கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு புங்கமரம். அந்த மரத்தடியில்தான் கடைசியில் வண்டி நிலைத்தது. நிலைக்க விட்டவர் செக்ரட்டரி ஜெயராமன்.

ஜெயராமன் ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். போல்ட்டைத் தட்டி ஓசையைக் கேட்டே நல்லதா சொத்தையா என்று சொல்லிவிடுவார். இப்போது தட்ட டாங்கி இல்லாததால் அந்த அபார்ட்மெண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் உத்தரவு இல்லாமல் அந்தக் கேட்டில் காக்காய்கூட உட்காராது. பார்வதத்தை அவர் விட்டுவைத்ததற்கு ஒரே காரணம் அவர் மனைவி சுலோசனாவின் நாக்கு.

ஒருநாள் சுலோசனா வண்டியில் பழத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒரு பழத்தைத் தூக்கி, “ஐயோ, அணில் கடிச்சது!” என்று பொற்காசு கிடைத்தது போலக் கத்தினாள். நம் ஜனங்களுக்கு அதில் ஒரு மயக்கம். அணில் ஒன்றும் முட்டாள் இல்லை, இனிக்காததைக் கடிக்காது என்று ஒரு கணக்கு. மறுநாளும் வந்து கேட்டாள். அதற்கு மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

பார்வதம் எங்கே போவாள்? பழம் வருவது கோயம்பேட்டிலிருந்து, பிளாஸ்டிக் கூடையில். கூடைக்குள் அணிலுக்கு என்ன வேலை? “நாளைக்கு வரும்மா, நாளைக்கு வரும்” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அப்படி ஒரு விடியற்காலை, சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், துருவியின் வட்ட நுனியில் வரிசையாக இருக்கும் பற்களைப் பார்த்தாள். பக்கத்துக் கூடையில் இருந்த கொய்யாவைப் பார்த்தாள். மறுபடி துருவியைப் பார்த்தாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு அணில் பிறந்தது.

லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் குட்டி அணில். கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் தாட்டியான அணில். அவசரத்தில் கை வழுக்கினால் பாதிப் பழம் போய்விடும். அதற்குக் “கிளி கொத்துனது” என்று பேர் வைத்தாள். கூடையில் அணில் கடித்தது முதலில் காலியானது. அணில் தொடாத பழத்தை, தலைமாட்டில் யாரும் அழ வராத பிணம் போலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜெயராமன் இதில் பெரிய நிபுணராகிவிட்டார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்து, பழத்தைத் திருப்பி, “இது ஆண் அணில். பல் எறங்கின ஆழத்தைப் பாரு. இது புதுசா கடிக்கக் கத்துக்கிட்டது” என்பார். சுற்றி நிற்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். பார்வதம் எல்லாரையும்விட அதிகமாக ஆட்டுவாள்.

“சார் கண்ணு கண்ணுதான். அந்த அணிலயே கூப்ட்டு கேட்டாகூட இவ்ளோ கரெக்டா சொல்லாது.”

நாலாவது மாடியில் சரவணக்குமார் என்று ஒரு பையன். தென்காசிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. தனியாக இருந்தான். சமைக்கத் தெரியாது, பால் காய்ச்சினால் பாத்திரத்தைப் புதைக்கத்தான் வேண்டும். மழைநாளிலும் பைக்கில் நனைந்துகொண்டே வந்து, “எக்கா, அணில் பழம் இருக்கா?” என்று கேட்டு வாங்கி, அதையே ராத்திரிச் சாப்பாடாக முடித்துக்கொள்வான். அவனிடம் மட்டும் பார்வதத்துக்குக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தலுக்கு ஒரு பழம் கூடுதலாகப் போடுவாள். அதையும் துருவியால் ஒரு இழுப்பு இழுத்துத்தான் போடுவாள். பிள்ளை ஆசைப்படுகிறதே.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கேரளாவில் நிபா காய்ச்சல் என்று டிவியில் ஓட ஆரம்பித்தது.

ஒரு டாக்டர் வந்து பேசினார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து, கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள், கையைக் கழுவுங்கள் என்று நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதானம் ஆனந்த நிழல் வாட்ஸப் குரூப்புக்குள் நுழைந்ததும் உயிரை விட்டது. காலையில் பழத்தால் வந்த வியாதி, மத்தியானம் லிப்ட் பட்டனால் வந்தது, சாயங்காலம் போனில் பேசினாலே வந்தது. ஒரு வீட்டில் வைஃபை பாஸ்வேர்டையே மாற்றிவிட்டார்கள். காது குடைகிற பட்ஸால்தான் எல்லாரும் லிப்ட் பட்டனை அழுத்தினார்கள். சுலோசனா, மேலே வௌவால் பறக்கும் என்று மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வாக்கிங் போனாள். அன்றைக்குச் சொட்டு மழை இல்லை. உள்ளே வேர்த்து வேர்த்து, வெளியே மழை பெய்திருந்தால்கூட அவ்வளவு நனைந்திருக்க மாட்டாள்.

அப்புறம்தான் யாரோ ஒரு கேள்வியைப் போட்டார்கள்: நாம் இத்தனை நாளாகத் தின்ற பழத்தைக் கடித்தது அணில்தான் என்று யாருக்குத் தெரியும்?

எல்லாரும் ஜெயராமனைக் கேட்டார்கள். ஆண் அணிலா பெண் அணிலா என்று அடித்துச் சொல்கிற ஜெயராமன், ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் போட்டார். அதைவிட வேறு பீதி தேவையா?

அந்த நேரம் பார்த்துச் சரவணக்குமாருக்குக் காய்ச்சல்.

நாலாவது மாடிப் படியில் குறுக்கே நைலான் கயிறு கட்டினார் ஜெயராமன். லிப்ட் அந்த மாடியில் நிற்கக் கூடாது என்றார். சாப்பாடு கொண்டுவருகிற பையன்களைக் கேட்டிலேயே திருப்பினார்கள். ஆட்டோக்காரர்கள் ஆனந்த நிழல் என்றாலே ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள். ஹெல்ப்லைனுக்கு அபார்ட்மெண்டே ஒரே நேரத்தில் போன் போட்டதில் யாருக்குமே லைன் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் போனில், “குணமானதும் காலி பண்ணிடுப்பா, குணமாகலேன்னா…” என்று பாதியில் வைத்துவிட்டார்.

பார்வதம் வண்டியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளி கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்கியது. பின்னாலேயே ஒரு தலை பால்கனியில் எட்டிப் பார்த்தது. போர்வையை முக்காடு போட்டிருந்தது.

“எக்கா, திங்கிறதுக்கு ஏதாச்சும் போடுதீயளா? காலையிலேர்ந்து வெறும் தண்ணிதான்.”

பார்வதம் ஓடிப்போய், தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரசத்தை ஒரு தூக்கில் ஊற்றி, இரண்டு பன்னையும் வைத்து வாளியில் போட்டாள். வாளி மேலே போனது. கொஞ்ச நேரம் உறிஞ்சுகிற சத்தம்.

“எக்கா, அம்மைக்குப் போன் போட்டுப் பேசிட்டேன். பேங்குப் பணம், இன்சூரன்ஸுன்னு எங்க என்னென்ன வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். அம்ம அழுதுகிட்டே பஸ்ஸு ஏறியாச்சு. ஒங்க அணில் பழம் ஒண்ணும் விடாம தின்னுருக்கேன்லா… அது வௌவாலா இருந்திருக்கும்க்கா. ஒங்க மேல கோவமில்ல.”

பார்வதம் கழுத்தை நிமிர்த்திக் கத்தினாள்.

“டேய் தம்பி, வவ்வாலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான்டா அத்த தேங்கா துருவில கடிச்சேன்!”

மேலிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு. “சும்மா எனக்குத் தைரியம் சொல்லுதீய. நல்ல மனசுக்கா ஒங்களுக்கு.”

இனி என்ன செய்வாள்? அவள் வாயைத் திறந்தால் அந்தப் புங்கமரத்தடி போய்விடும். ஊரெல்லாம் சுற்றி, விரட்டு வாங்கி, கடைசியில் கிடைத்த ஒரே இடம். திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமல், பயத்திலேயே போய்விடும். ஆயுளில் முதல் தடவையாகப் பார்வதம் பேசாமல் நின்றாள். என்ன ஆச்சோ என்று கஜபதி ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டான்.

“சொன்னா எடம் பூடும்” என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் கஜபதி. ஆனால் தொடர்ந்தான். “எடத்த வேற எங்கனா தேடிக்கலாம். நான் தள்ளுவண்டிய திருப்பி வெக்கறேன், நீ போய் சொல்லு.”

அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் கூட்டம். தொற்றிக்கொள்ளும் என்று ஆளுக்கு ஒரு காருக்குப் பின்னால் தள்ளித் தள்ளி நின்றார்கள். அதனால் குசலம் விசாரிப்பதுகூடக் கத்தித்தான். புங்கமரத்தை வெட்டலாமா, பட்டாசு வெடித்து வௌவாலை விரட்டலாமா என்று ஒரு கோஷ்டி. பையனை ராத்திரிக்குள் வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒரு கோஷ்டி. அவ்வளவு கூச்சலிலும் பார்வதத்தின் ஒரு குரல் போதுமானதாக இருந்தது.

“எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க! அந்தப் பழத்த வவ்வாலு கடிக்கல. அணிலும் கடிக்கல. நான் துருவில இழுத்தேன்!”

யாரும் நம்பவில்லை.

“ஏம்மா பார்வதம், யாபாரம் போயிடும்னு என்ன வேணா சொல்லுவியா?” என்றார் ஜெயராமன். “நான் அணில் பல்லு பாத்தே கண்ணு பூத்தவன். துருவி எது, அணில் எதுன்னு எனக்குத் தெரியாது?”

“தெரியும்ல சார்? இருங்க.”

வண்டிக்கு ஓடினாள். கோணிக்கு அடியிலிருந்து துருவியை எடுத்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு. பழத்தைக் கொண்டுவந்து ஜெயராமன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது இன்னா சார்?”

பழக்க தோஷம். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பழத்தைத் திருப்பினார். “இது பெண் அணில்” என்றார். “பல்லு சின்னது. பசியில கடிச்சிருக்கு.”

பார்வதம் மறு கையை முன்னால் கொண்டுவந்தாள். அதில் துருவி. அதன் பல்லில் கொய்யாச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது நாலாவது மாடிப் பால்கனி. போர்வையும் முக்காடுமாக, இருமி இருமிச் சிரித்தான் சரவணக்குமார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு மாடியாக இறங்கிப் பார்க்கிங்குக்கு வந்து, சுலோசனாவின் மழைக்கோட்டுக்குள் நுழைந்து, அவளைக் குலுக்கியது. செத்துப்போகிற பயம் போன நிமிஷத்தில் ஏமாந்துபோன கோபம் வந்தது. காருக்குப் பின்னால் தள்ளித் தள்ளி நின்றவர்கள் இப்போது ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறாத குறையாகப் பார்வதத்தைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தர் எச்சில் இன்னொருத்தர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கத் திட்டினார்கள்.

“பிராடு!”

“எங்க கொழந்தைக்குக் கொடுத்தோமே!”

“நல்லாத்தானே கீது கொய்ந்த? திட்றத அப்புறம் திட்டு, மொதல்ல மேல இருக்கறவன கீழ எறக்கு!” என்றாள் பார்வதம்.

கயிற்றை அவிழ்த்தவர் ஜெயராமன்தான். அதையும் சொல்ல வேண்டும். கஜபதி ஆட்டோவைப் படிக்கட்டு வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தான். தனியாகப் படுத்துக்கொண்டு போகிற நோயாளியைப் பார்த்தும் வாய் சும்மா இருக்கவில்லை, “தம்பி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு” என்றான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நிபாவும் இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பியும் இல்லை. மழையில் நனைந்ததோடு பட்டினியும் கிடந்த சாதாரணக் காய்ச்சல். தென்காசியிலிருந்து அம்மா வந்து இறங்கியபோது அவன் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். அழுவதற்குத் தயாராக வந்த அந்த அம்மாள், வந்த கண்ணீரை வீணாக்காமல், இளைத்துவிட்டாயே என்று அதற்கு அழுதாள்.

மறுநாள் காலையில் பார்வதம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஜெயராமன் கேட்டில் நின்றிருந்தார்.

“வேண்டாம்மா. வேற எடம் பாத்துக்க.”

பார்வதம் சண்டை போடவில்லை. “சரி சார். ஒண்ணு மட்டும் சொல்றேன். நெசமாவே கடிபட்ட பழம் எங்க கெடச்சாலும் தின்னாதீங்க, டாக்டரு சொன்னது நெசம். மத்தத கழுவித் தின்னுங்க.” வண்டியைத் திருப்பினாள். புங்கமரத்தை மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அவள் வண்டி இந்தக் குமணன்சாவடியில்தான் நிற்கிறது. டீக்கடைக்கு எதிர்ச்சாரியில், அதோ, “பல்லு படாத பழம்! பல்லு படாத பழம்!” என்று லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டு வருகிறதே, அந்தக் குரல்தான். போன வாரம் கஜபதியின் ஆட்டோவில் நெருக்கி அடித்துக்கொண்டு சுலோசனா வந்து இறங்கினாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வண்டியோரம் குனிந்தாள்.

“பார்வதம், ஒண்ணே ஒண்ணு… அந்த மாதிரி போட்டுத் தாயேன்.”

“அணிலு வேலைய வுட்டு நின்னுடுச்சும்மா. சார் எப்டி கீறாரு?”

“அவரா? ஆரஞ்சுப் பழம் திங்கிறாரு. எந்த மிருகமும் ஆரஞ்சைக் கடிக்காதுன்னு நம்பிக்கை.”

இதோடு கதையை முடித்து, இன்னொரு டீ சொல்லலாம் என்று பார்த்தேன். துலுக்கானம் விடவில்லை.

“துருவியாம் துருவி! மாமே, கோயம்பேட்ல லோடு எறக்கறப்போ நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். அந்தம்மா பல்லாலதான் கடிச்சி கடிச்சி கூடைல போட்டுகினு இருந்துச்சு.”

எத்திராஜின் வாய் பாதி மென்றபடி நின்றது.

“இன்னாடா சொல்ற? நான் அந்த அபார்ட்மெண்டுக்கு தண்ணி அடிக்கப் போறப்போல்லாம் வாங்கித் தின்னவன்டா! அப்ப அது அணிலும் இல்ல, துருவியும் இல்லயா?”

“இல்ல. எச்சி.”

“டேய்!”

“துருவிதாம்பா, நான்தான் சொல்றேனே” என்றேன்.

எத்திராஜ் என் பக்கம் திரும்பினான். “நீ வாயத் தொறக்காத அண்ணாத்தே! கொஞ்சம் இழுத்தேன்னு நீயே சொன்ன. எத்த இழுத்த? துருவிய இழுத்தியா, பல்ல இழுத்தியா? இப்ப சொல்லு!”

“அவரு எங்க சொல்லுவாரு, அவரே தின்னவரு” என்றான் துலுக்கானம்.

எத்திராஜ் அவன் சட்டையைப் பிடித்தான். டீ கிளாஸ் ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. டீ மாஸ்டர் வடிகட்டியோடு வெளியே வந்து, உடைஞ்சதுக்கு யார் கொடுப்பது என்று தன் பங்குக்கு ஆரம்பித்தார். எதிர்ச்சாரியில் “பல்லு படாத பழம்” சட்டென்று நின்றது.

“எவன்டா அவன், நான் பல்லால கடிச்சேன்னு சொன்னது?”

பார்வதம் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பஸ்கள் தாமாகவே நின்றன. அவள் கையில் துருவி.

“வாயத் தொறடா துலுக்கானம். உன் மூஞ்சில ஒரு இழுப்பு இழுக்கறேன். அணிலா, நானான்னு செக்ரட்டரி சாரக் கூட்டியாந்து கேப்போம்!”